பாம்பில்லை, அடிக்காதீர்கள்

மாரி தொடங்கி நாலு நல்ல மழை விழுந்ததும் திருகோணமலையில் வளவு துப்புரவாக்கும் காலம் வந்துவிடும். பொச்சுமட்டைக் குவியலைக் கிளறுவார்கள், கிணற்றடியில் உக்கிக் கிடக்கிற தென்னங்குற்றியைப் புரட்டுவார்கள், அப்புறம் என் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கும். "இது என்ன பாம்பு?" என்று கேட்டுத்தான் அனுப்புவார்கள், ஆனால் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே அடிபட்டுச் செத்துப்போன ஒன்று. அதில் சாரைக்குட்டி இருக்கும், பூச்சாடி மண்ணுக்குள் வாழ்கிற குருட்டுப் பாம்பு இருக்கும், இடைக்கிடை பளபளவென்று மண்ணிறத்தில், தலை எது வால் எது என்று சட்டென்று பிடிபடாத ஒன்றும் இருக்கும். அது பாம்பே இல்லை. அரணை. காலில்லாத, மண்ணுக்குள் வாழ்கிற அரணை.

இதைப் பற்றி ஒரு பதிவு எழுத வேண்டும் என்று கனநாளாக மனதில் கிடக்கிறது. காரணம் ஒன்றுதான். நாங்கள் பாம்பென்று அடித்து வேலியோரம் எறிகிற இந்த உயிரின் பேரினம், விஞ்ஞானிகள் நெசியா என்று அழைப்பது, உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளத்து மலைகளிலும் இல்லை. இந்தத் தீவு மட்டும்தான் அதற்கு வீடு. யானைக்கும் சிறுத்தைக்கும் பதாகை கட்டுகிற நாட்டில் இது ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

போன மாரியில் உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். "தம்பி, கெதியா வாங்கோ, பொச்சுக்குள்ள பாம்புக்குட்டி ஒண்டு கிடக்கு, இவர் மண்வெட்டியோட நிக்கிறார்." ஓடிப்போய் "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு சாண் கூட வராது, பென்சில் பருமன். கபில நிறம், ஒவ்வொரு செதிலிலும் ஒரு கரும்புள்ளி, அந்தப் புள்ளிகள் வரிசையாகச் சேர்ந்து உடல் முழுக்க மெல்லிய கோடுகள் ஓடுவதுபோல் தெரிந்தது. ஈரமண்ணுக்குள் கிடந்த உடம்பில் ஒரு துகள் மண் ஒட்டியிருக்கவில்லை, அவ்வளவு வழுவழுப்பான செதில். வெளிச்சம் பட்டதும் சீறவில்லை, தலை தூக்கவில்லை, சுருளவும் இல்லை. மூக்கைக் கீழே குத்தி, உடம்பை இரண்டு பக்கமும் நெளித்து, மண்ணுக்குள் இறங்கப் பார்த்தது, அவ்வளவுதான். உள்ளங்கையில் எடுத்தபோது விரல்களுக்கிடையில் மூக்கை வைத்துத் தள்ளிய தள்ளலை அக்காவின் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் கையை இழுத்துக்கொண்டவர் பிறகு ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்ன உடம்புக்குள்ள இவ்வளவு பெலனா?" என்று கேட்டார். அண்ணை மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டார்.

சரி, பாம்பிலிருந்து இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் வயிற்றுப் பக்கம். பாம்பின் வயிற்றில் அகலமான தகடுகள் ஒற்றை வரிசையாக அடுக்கியிருக்கும், அரணையின் வயிற்றிலோ முதுகில் இருக்கிற அதே சின்ன வட்டச் செதில்கள்தான். ஆனால் குருட்டுப் பாம்புக்கும் உடல் முழுக்க ஒரே அளவுச் செதில் என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, கண்ணையும் பார்க்க வேண்டும். குருட்டுப் பாம்பின் கண் செதிலுக்கு அடியில் தெரிகிற ஒரு கரும்புள்ளி, அது மூடித் திறக்காது, எந்தப் பாம்புக்குமே இமை கிடையாது. இந்த அரணைக்குக் கண் மிகச் சிறிது என்றாலும் இமை உண்டு, போன் கமராவைக் கிட்டப் பிடித்தால் மூடித் திறப்பதைப் பார்க்கலாம். மூன்றாவது வால். இழுத்தால் கழன்று வந்து தனியே துடிக்கும், பல்லி வால் மாதிரியேதான். அதற்காகச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வாலைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அந்த வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது, திரும்ப முளைக்க வைப்பது அதற்குப் பெரிய செலவு.

மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். மூக்கு நுனியை முழுவதும் மூடி ஒரு பெரிய செதில் இருக்கிறது, கவசம் மாதிரி. மூக்குத் துவாரமே அந்தச் செதிலுக்குள்தான் திறக்கிறது, அதிலிருந்து பின்பக்கமாக ஒரு மெல்லிய கோடு வெட்டியதுபோல் ஓடும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் கட்டை, உள்வாங்கி இருக்கும், அதனால் மண்ணைத் துளைக்கும்போது வாய்க்குள் மண் போகாது. காதுத் துவாரம் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு சிறிது. செதில்களுக்கு அடியில் மெல்லிய எலும்புத் தகடுகள் வேறு, எல்லா அரணைகளுக்கும் உள்ளதுபோல. உடம்பின் ஒவ்வொரு அங்குலமும் மண்ணுக்குள் உராய்வில்லாமல் போவதற்கென்றே அமைந்திருக்கிறது.

இப்போது கால்களுக்கு வருவோம், உண்மையில் கதையே அங்கேதான். நெசியாவையும் அதன் நெருங்கிய சொந்தமான சால்சிடோசெப்ஸையும் எடுத்துப் பாருங்கள். சால்சிடோசெப்ஸ் துவைட்சிக்கு நான்கு கால், ஒவ்வொன்றிலும் நான்கு விரல், எல்லாம் பொம்மைக் கால் அளவு. 1872இல் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்தது, நக்கிள்ஸ் மலைப் பக்கம் வாழ்வது. நெசியா பர்டோனிக்கு மூன்று விரல். மூன்று விரல் உள்ளது அது ஒன்றுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள், 2017இல் இலங்கை ஆய்வாளர்கள் இருவர் இன்னொன்றைப் பிரித்தெடுத்து நெசியா கான்சி என்று பெயர் வைத்தார்கள். நெசியா டைடாக்டிலாவுக்கு இரண்டு விரல், மொனொடாக்டிலாவுக்குக் கால் என்று சொல்ல நான்கு சிறு மொட்டுகள்தான் மிச்சம். நெசியா பைப்பெஸ் என்று ஒன்று, முன்னங்கால் அடியோடு போய்விட்டது, பின்னால் மட்டும் இரண்டு முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். கடைசியில் நெசியா லேயார்டியும் ஹிக்கனலாவும். வெளியே காலே கிடையாது.

நாலு விரலில் தொடங்கி ஒன்றுமே இல்லாதது வரை, இத்தனை படிகளும் ஒரே தீவுக்குள், இன்றைக்கு உயிரோடு. ஒன்றிலிருந்து மற்றது வரிசையாகப் பிறந்தது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, இவை ஒருவருக்கொருவர் சகோதரங்கள், பாட்டன் பேரன் இல்லை. ஆனாலும் கால் எப்படிக் குறைந்துகொண்டே போகும் என்பதைப் புத்தகப் படத்தில் பார்க்காமல் உயிரோடு பார்ப்பதற்கு இப்படியொரு இடம் உலகத்தில் அதிகம் இல்லை. அவுஸ்திரேலியாவில் லெரிஸ்டா என்ற அரணைப் பேரினம் ஒன்று இருக்கிறது, தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள், அதிலும் ஐந்து விரலில் இருந்து காலில்லாதது வரை எல்லாம் உண்டு. அங்கே முழுக்காலோடு இருந்த ஒரு கிளை காலில்லாமல் ஆவதற்குச் சுமார் 36 இலட்சம் ஆண்டுகளே போதுமாக இருந்திருக்கலாம் என்று 2008இல் கணக்கிட்டார்கள். பரிணாமக் கணக்கில் அது மிகக் குறுகிய காலம்.

ஏன் கால் போகிறது என்று அக்காவின் மகன் கேட்டான், பத்தாம் வகுப்புப் படிக்கிறான், நல்ல கேள்வி. மண்ணுக்கும் சருகுக்கும் இடையில் வாழ்கிற உயிருக்குக் கால் ஒரு இடைஞ்சல், நெருக்கமான இடுக்குக்குள் போகும்போது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தடுக்கும். நெளிந்து தள்ளுவதற்கு நீளமான உடம்புதான் வேண்டும். அதனால் முதுகெலும்பில் கண்ணிகள் கூடக்கூடக் கால் சிறுத்துக்கொண்டு போகும், இரண்டும் சேர்ந்தே நடக்கும். கால் வளர்வதற்கான உத்தரவு கருவிலேயே நேரத்தோடு நின்றுபோகிறது, மரபணு முழுவதும் அழிந்துவிடுவதில்லை, ஏனென்றால் அதே மரபணுவுக்கு உடம்பில் வேறு வேலைகளும் உண்டு. பல்லி, பாம்பு வம்சம் முழுவதையும் எடுத்தால் இப்படிக் கால் குறைந்தது குறைந்தபட்சம் 25 தடவை, தனித்தனியாக. பாம்பு அதில் ஒரு கிளை மட்டும்தான். ஆகவே காலில்லாத எல்லாவற்றையும் பாம்பு என்று ஒரே கணக்கில் போடுவது எந்த வகையிலும் சரியில்லை.

இவற்றுக்கு உண்மையான சொர்க்கம் மலைக்காடு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குப் போய், ரத்தோட்டையால் ஏறி நக்கிள்ஸ் மலையில் ரிவஸ்டன் பக்கம் போனால் அந்தக் காட்டின் தரையைப் பார்க்கலாம். கிண்ணியாவில் இருந்து வான் ஓட்டி வந்த நானா சாலையோரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, நான் கீழே ஒரு ஓடைக்கரையில் இறங்கினேன். வடகீழ்ப் பருவமழையும் தென்மேற்கு மழையும் இரண்டுமே நக்கிள்ஸை நனைக்கிறபடியால் சருகு காய்வதே இல்லை. மேலே நேற்று விழுந்த இலை, அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே வெள்ளைப் பூஞ்சண இழைகள் ஓடுகிற கறுப்பு மண், விரலை விட்டால் எதிர்ப்பில்லாமல் முழுவதும் இறங்கும். உக்கிய குற்றி ஒன்றை மெல்லப் புரட்டினேன். மண்புழு, கறையான், மரவட்டை, சிலந்தி, நடுவில் அந்தப் பளபளப்பு. என்னைப் பார்த்ததா இல்லையா தெரியவில்லை, மூக்கைக் குத்தியது, நெளிந்தது, இரண்டு மூச்சு விடுவதற்குள் வாலும் உள்ளே போய்விட்டது. குற்றியை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைத்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும், குற்றியைப் புரட்டிவிட்டு அப்படியே விட்டுப் போனால் கீழே இருக்கிற ஈரம் ஒரு பகலில் போய்விடும்.

நக்கிள்ஸ் 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல காலமாக அந்தக் காட்டுக்குள் ஏலக்காய் போட்டார்கள். பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டுக் கீழே இருக்கிற பற்றையை மட்டும் வெட்டுவார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் காடு காடாகவே தெரியும். தரையில் வாழ்கிறவைக்குத்தான் காடு போய்விட்டது என்று தெரியும்.

உலகத்தின் மற்ற வெப்பமண்டல மலைக்காடுகளிலும் இதே வாழ்க்கையைத் தனியாகக் கண்டுபிடித்தவை இருக்கின்றன. தான்சானியாவின் உலுகுரு, உட்சுங்வா மலைகளில் மெலனோசெப்ஸ் என்று ஒரு அரணைப் பேரினம், கால் இல்லை, கருநிறம், சருகுக்கும் மண்ணுக்கும் இடையில்தான் சீவியம். அந்த மலைகளுக்கு மழையைக் கொண்டு போய்க் கொடுப்பது எங்கள் இந்து சமுத்திரத்தில் இருந்து எழும்புகிற காற்று. இங்கே வங்காள விரிகுடாவின் மறுகரையில், ஒடிசாவின் சில்கா ஏரிக்குள் பர்குடா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது, அங்கே 1917இல் அனன்டேல் என்ற விலங்கியலாளர் ஒரு காலில்லா அரணையை விவரித்தார், பர்குடியா என்று அந்தத் தீவின் பெயரையே வைத்தார். ஆளுக்கொரு மூலையில், ஒருவரையொருவர் அறியாமல், எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. யோசிக்க யோசிக்க எனக்கு இது அலுப்பதே இல்லை.

எங்கள் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. லேயார்டி என்ற காலில்லா இனத்தை 1854இல் விவரித்த டாக்டர் கெலார்ட் இலங்கையிலேயே பிறந்தவர், இராணுவ மருத்துவர். திருகோணமலைக் கடலில் ஓடில்லாத வண்ணக் கடல்நத்தைகளைச் சேகரித்து விவரித்தவரும் அவர்தான். கோட்டைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன், கடலுக்குள் ஒரு கண்ணும் மண்ணுக்குள் ஒரு கண்ணும் வைத்துக்கொண்டு ஒருவர் இங்கே உலாவியிருக்கிறார். அதேபோல 1880களில் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த சரசின் உறவினர் இருவர் பேராதனைப் பக்கத்தில் தங்கி, காலில்லாத இன்னொரு மண்வாசி, அரணை இல்லை, தவளை போல ஈரூடகவாழியான இக்தியோபிஸ், தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் காப்பதைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் நினைவாகவும் ஒரு நெசியா உண்டு, நெசியா சரசினோரம்.

இன்னொரு தொடர்பு தண்ணீர். ரிவஸ்டனில் நான் பார்த்த மாதிரியான ஓடைகள் அம்பன் கங்கையில் சேர்ந்து, மகாவலியில் கலந்து, கடைசியில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகின்றன. அங்கே சருகும் மண்ணும் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிற தண்ணீரில்தான் இங்கே எத்தனையோ வயல் விளைகிறது. அந்த மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கிற கூட்டத்தில் மண்புழுவும் கறையானும் இருக்கின்றன, அவற்றைத் தின்று அளவாக வைத்திருக்கிற இந்த அரணையும் இருக்கிறது.

இனிக் கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் வளவில் ஒரு இலை கிடக்கக் கூடாது, விடியக் கூட்டி மூலையில் குவித்துக் கொளுத்த வேண்டும், அதுதான் நல்ல குடும்பத்துக்கு அடையாளம். கோடையில் இங்கே மண் பாளமாகக் காய்ந்து கிடக்கும்போது ஈரத்தைத் தேடி வருகிற உயிர்களுக்குச் சருகுக் குவியலும் பொச்சு அடுக்கும்தான் புகலிடம். அதற்கே நெருப்பு வைக்கிறோம். கூட்டுங்கள், முற்றம் முற்றமாக இருக்கட்டும், ஆனால் கூட்டியதை வேலியோரம் மாமரத்தடியிலோ வாழையடியிலோ போட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் பசளை, காசு கொடுத்து வாங்குகிற பசளையைவிட நல்லது. எங்கள் வீட்டில் அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைக்கக் கனநாள் எடுத்தது, இப்போது அவவே மற்றவைக்குச் சொல்கிறா.

"அரணை கடித்தால் மரணம்" என்று எங்கள் அம்மம்மா காலத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வருகிறோம். உலகத்தில் எந்த அரணைக்கும் விஷம் கிடையாது. இந்தக் காலில்லாதது கடிக்கக்கூட வாய் திறக்காது, திறந்தாலும் உங்கள் தோலைப் பிடிக்க அந்த வாய் போதாது. ஆனால் ஒன்று, என்னவென்று தெரியாத எதையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். எங்கள் வளவுகளில் புடையன் குட்டியும் சுருட்டையும் உண்டு. குச்சியால் சருகை விலக்கித் தள்ளி நின்று பாருங்கள், போதும்.

இந்தப் பதிவைப் படிக்கிற யாருக்காவது அடுத்த மழையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அடிக்காமல் படம் எடுங்கள். தலையைப் பக்கவாட்டில் ஒன்று, மூக்கு நுனி தெளிவாகத் தெரிய வேண்டும். கால் இருக்க வேண்டிய இடங்களை, அதாவது கழுத்துக்குச் சற்றுப் பின்னாலும் வால் தொடங்குகிற இடத்திலும், கிட்டப் பிடித்து ஒன்று, சிறு மொட்டு இருக்கிறதா என்று பார்க்க. பக்கத்தில் ஒரு தீக்குச்சியோ பேனாவோ வைத்து முழு உடம்பும் ஒன்று. எந்த ஊர், எந்த மாதிரி மண், எதற்குக் கீழே கிடந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பிடித்துப் போத்தலில் போட வேண்டாம், வனசீவராசிகள் சட்டப்படி அது குற்றமும்கூட. படம் எடுத்து முடிந்ததும் மேலே கொஞ்சம் ஈரச் சருகைப் போட்டுவிட்டு எழும்பி வாருங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். குச்சவெளி, திரியாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து ஆட்களிடம் இருந்து படம் வந்தால் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.